வாசலில் வந்து நின்ற வெண்ணெய்

என் ஜேசு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. நீ ஏறும் சுனாபட்டி ஸ்டேஷனில் மின்சார வண்டி நிற்கும்போது இப்போதும் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறேன். யாராவது வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கோபம் வருவதில்லை. இடம் இடம்தானே.

துரைசாமி அண்ணன் நன்றாக இருக்கிறார். அதே வண்டியில், அதே குர்லாவில் ஏறுகிறார். வாரப் பத்திரிகையை இப்போது அவர்தான் வாங்கி வருகிறார். நீ செய்தபடியே நடுவில் உள்ள பின்னைப் பிடுங்கித் தாள்களைப் பங்கு போடுகிறார். மூன்று பங்கு இரண்டாகிவிட்டது. பாதி வழியில், வடாலா வந்ததும் தாள்கள் கைமாறும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

எட்டு மாதம் உங்கள் இருவரையும் ஏமாற்றினேன். எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. செம்பூரில் வளர்ந்த எனக்கு அப்பா ஒரு கோடை விடுமுறையில் எழுத்துகளை மட்டும் காட்டியிருந்தார். எம்.ஏ. படிக்கிறவன் என்று நீங்கள் வைத்திருந்த மரியாதையில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. என் பங்குத் தாளை முகத்துக்கு நேரே பிடிப்பேன். நீ சிரித்தால் சிரிப்பேன். வடாலா வந்ததும் முடித்தவன்போல நீட்டுவேன்.

அன்றைக்கு நீ கண்ணாடியை மறந்துவிட்டு வந்தாய்.

"எலே சுந்தரம், அந்தக் கடைசிப் பத்திய வாசி. கேக்கேன்."

வாசித்தேன். "மக்கன் வந்து வாசலில் நின்றான்."

"யாரு?"

"மக்கன்."

அச்சில் இருந்தது 'மகன்'. இந்தி படித்த பழக்கத்தில் எல்லாக் க-வையும் அழுத்திவிடுவேன். நம் பம்பாயில் மக்கன் என்றால் வெண்ணெய். நீ சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"இன்னாப்பா அது?" என்றார் துரைசாமி அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணே. கதையில வெண்ணெய் வந்து வாசல்ல நிக்கி."

"எந்தப் பக்கத்துல? நான் பாக்கலியே!"

அவரிடம் தாளைக் கொடுக்காமல் மடித்து உன் பையில் வைத்துக்கொண்டாய். கடைசி ஸ்டேஷனான வி.டி.யில் இறங்கிய பிறகுதான் கேட்டாய்.

"எத்தன மாசமால இந்தக் கூத்து?"

"எட்டு."

"அடப்பாவி. எம்.ஏ. வேற."

அவ்வளவுதான். எனக்கு நீ எதுவும் சொல்லித்தரவில்லை. மறுநாளிலிருந்து என் தாளை வடாலாவில் திருப்பிக் கேட்கவில்லை. "உதட்ட அசைச்சே படி. எவன் பாக்கான்?" என்றாய். துரைசாமி அண்ணனிடம் கடைசிவரை சொல்லவும் இல்லை. ஏன் சொல்லவில்லை?

எனக்கு அப்போது இருபத்து மூன்று. ஆங்கிலத்தில் அலமாரி அலமாரியாகப் படித்திருந்தேன். எல்லாம் தேர்வுக்கு. ஒரு நாள் நீ என்னிடமே விட்டுவைத்த தாளில் இருந்த கதையில், புருஷனோடு பேச்சை நிறுத்திவிட்ட ஒருத்தி, காபி டம்ளரைக் கொஞ்சம் ஓசையோடு வைத்துவிட்டுப் போனாள். என் அம்மா வைப்பது போல. நான் நிமிர்ந்தபோது வண்டி காலியாக இருந்தது; நீங்கள் இருவரும் என்னைக் கூப்பிடாமலே இறங்கிப் போயிருந்தீர்கள். வி.டி. வந்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ. வகுப்புக்குத் தாமதம். பிளாட்பாரத்தில் நின்று மீதியையும் முடித்தேன். அத்தனை சந்தோஷம்.

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை. மூன்று வாரம். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

போன மாதம் ஒரு கதையில் 'கடவம்' என்று ஒரு சொல். உங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கதை. தாண்டிப் போகத்தான் பார்த்தேன், பழைய புத்தி. பிறகு துரைசாமி அண்ணனிடம் கேட்டேன்.

"அது ஒரு மாதிரி சாமான்பா."

"என்ன சாமான்?"

கையிலிருந்த தாளை மடித்தார். "யாருக்குத் தெரியும்? எங்க ஆற்காட்டுல அந்தப் பேச்சே கிடையாது. நான் தெரியாததத் தாண்டிப் போயிடுவேன்."

எத்தனை வருஷமாக என்று நான் கேட்கவில்லை. என் கதையை மட்டும் சொன்னேன். வெண்ணெய் உள்பட. அவர் சிரித்து முடிப்பதற்குள் மஸ்ஜித் ஸ்டேஷன் போய்விட்டது.

அன்று மாலை உன் அம்மாவுக்கு எழுதினேன். தமிழில் என் முதல் கடிதம். நலம் விசாரித்துவிட்டு, கடவம் என்றால் என்ன என்று கேட்டேன். என்ன நினைத்துக்கொள்வார்களோ என்று பயந்தேன். அம்மா சொல்லச் சொல்ல, உங்கள் ஊர் மாதாகோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை எழுதிய பதில் வந்திருக்கிறது. பனையோலையில் முடைந்த பெரிய பெட்டியாம். வயலுக்குப் போகும்போது உன்னை அதில் போட்டுத் தலையில் சுமந்து போவார்களாம். நீ உள்ளேயிருந்து ஓலையைப் பிய்த்துக்கொண்டே வருவாயாம். கேட்டதற்குச் சந்தோஷம், இன்னும் கேள் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

அச்சில் அது நாலே எழுத்துதான், ஜேசு. தாண்டியிருந்தால்?

இனி எந்தச் சொல்லையும் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போக மாட்டேன். உங்கள் ஊர்ச் சொல் வந்தால் அம்மாவுக்கு எழுதிக் கேட்பேன். பதிலை வண்டியில் துரைசாமி அண்ணனுக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன், உதட்டை நன்றாக அசைத்து.

அம்மா கடிதத்தில் என்னை 'மகனே' என்று அழைத்திருக்கும் முறைப்படி,

உன் தம்பி
சுந்தரம்