சத்தமே இல்லாத நல்ல இடம்

மச்சான்,

இன்று காலை தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தால் மேசை முழுக்க மெல்பேர்ன் நகரம் கிடக்கிறது. மருமகன் கடையில் கொடுத்து கலரில் அச்சடித்து வந்த படம். எட்டுத் தாள்களை டேப் போட்டு ஒட்டியிருக்கிறான். பச்சை என்றால் குடும்பங்களுக்கு உகந்த புறநகராம். சிவப்பு என்றால் கிட்டவே போகக்கூடாதாம். மஞ்சளுக்கு அவனிடமே விளக்கம் இல்லை. புது மையின் வாசம் மூக்கில் ஏறியதும், அரசாங்கக் கச்சேரியின் காணிப் பகுதியில் நீயும் நானும் ஒரே மேசையில் குனிந்து வரைபடங்களுக்கு நிறம் தீட்டிய காலம் எழுந்து வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய்.

அடுத்த மாதம் என் மகள் புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் அங்கே போகிறாள். எந்தப் புறநகரில் குடியேறுவது என்று மருமகன் மூன்று மாதமாக ஆராய்ச்சி செய்கிறான். பாடசாலைக்கு நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி, பூங்காவுக்குப் புள்ளி, மரநிழலுக்குக்கூடப் புள்ளி. மாத்தளை பஸ் நிலையத்தில் இரத்தோட்டை பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று தெரியாதவன், மெல்பேர்னில் எந்தத் தெருவில் எத்தனை நாய் குரைக்கும் என்று எனக்கு வகுப்பெடுக்கிறான். இவனுக்கு ஒரு குருவும் இருக்கிறான், யூடியூபில். ஊரை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகாத அந்தப் பெரிய மனிதன், “நம்ம ஆக்கள் கூட இருக்கிற பக்கம் மட்டும் போயிடாதீங்க” என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு புத்தி சொல்கிறான். அவன் யாருடைய ஆள் என்று அவனிடம் யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது.

படத்தில் ஆகப் பச்சையாக இருந்த இடத்தில் மருமகன் பேனாவால் வட்டம் போட்டிருந்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரைப் படித்தேன். நீ செத்துப்போன இடம், மச்சான்.

உன் மூத்த மகனின் சிபாரிசாம். அவன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு காலியாக இருக்கிறதாம். சனிக்கிழமைக்குள் முடிவு சொன்னால் பிடித்துத் தருவானாம். மகள் என்னிடம் வந்து, “நீங்க என்னப்பா சொல்றீங்க?” என்று கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்று எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன்.

நீ வீடு பார்த்த விதம் நினைவிருக்கிறதா? கல்யாணமாகி, மூத்தவன் கைக்குழந்தையாக இருந்த நேரம். இரத்தோட்டைத் தோட்டத்து லயத்து ஒற்றை அறையிலிருந்து உன் பெண்சாதியை, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளை, டவுன் பக்கம் கூட்டிவர வாடகை வீடு தேடினாய். வீட்டுக்குள் நீ எட்டியே பார்க்கவில்லை. பக்கத்துக் கடைக்குப் போவாய். ஒரு கிலோ சூடை மீனைப் பையில் போட்டுக் கொடுத்து, “இத கொஞ்சம் வச்சிருங்க, அவசரமா ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்து எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவாய். பிரச்சினைக் காலம் அது. ஆளில்லாத பையைக் கண்டால் குண்டு என்று தெருவே ஓடிய காலம். தமிழன் ஒருவன் முன்பின் தெரியாத கடையில் பையை வைத்துவிட்டுப் போவதைவிட முட்டாள்தனம் அன்றைக்கு வேறு இல்லை. நான் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

நீ சாவகாசமாகச் சொன்னாய்: “பையப் பாத்து ஓடுறவன் பக்கத்துல குடியிருந்து நான் என்ன செய்யப்போறேன் மச்சான்?”

முதல் சனிக்கிழமை, டவுனில் ஒரு கடைக்காரன் பையை வைக்குமுன்பே உன்னைத் துரத்தினான். அடுத்த சனிக்கிழமை போன கடைக்காரன் நம் ஆள். சிரித்த முகமாக வாங்கி வெயிலில் வைத்தான். நீ திரும்பிப் போனபோது மீன் நாறிக்கொண்டிருந்தது. வைத்திருக்கச் சொன்னீர்கள், வைத்திருந்தேன் என்றானாம். மூன்றாவது, டவுனுக்குக் கொஞ்சம் வெளியே, அலுவிகாரையில். அந்தச் சிங்களக் கடைக்கார நோனா உன் கண் முன்னாலேயே பையைப் பிரித்துப் பார்த்தாள். இந்த வெயிலில் மீனை விட்டுவிட்டுப் போகிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா என்று சிங்களத்தில் ஏசினாள். இரண்டு மணி நேரம் கழித்து நீ போனபோது, மீனைக் கழுவி உப்பும் மஞ்சளும் போட்டு மூடி வைத்திருந்தாள். நீ நேராக என்னிடம் வந்து, “வீடு கெடச்சிருச்சு” என்றாய். கூரையைப் பார்த்தாயா என்று கேட்டேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றாய். அந்தக் கூரை ஐந்து இடத்தில் ஒழுகியது.

அந்த வீட்டில்தான் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தாய். ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர்கள் உன்னை லொறியில் ஏற்றியபோது, அந்த நோனா கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடி வந்து, இவன் என் வீட்டுப் பக்கத்து ஆள், பிள்ளை என் கையில் இருக்கிறது, இறக்கு என்று சண்டை போட்டு இறக்கினாள். அவள் கையில் இருந்த பிள்ளைதான் இன்றைக்கு மெல்பேர்னில் புறநகருக்குச் சிபாரிசு செய்கிறான்.

அவன் உன்னையும் தங்கச்சியையும் அங்கே கூப்பிட்டுக்கொண்ட இரண்டாவது வாரமே நீ உன் வேலையைக் காட்டினாய். நடந்து போகும் தூரத்தில் கடை என்று ஒன்று இல்லை. சரி, பக்கத்து வீடே போதும் என்று, பின்முற்றத்து எலுமிச்சம்பழங்களைப் பையில் போட்டுக்கொண்டு போய், கமெரா வைத்த மணியை அடித்தாய். உள்ளே ஆள் இருந்தது, கார் நின்றது, கதவு திறக்கவில்லை. மணிக்குள்ளிருந்து ஒரு குரல் என்ன வேண்டும் என்று கேட்டது. கச்சேரி இங்கிலீசில் நீ, இந்தப் பையைக் கொஞ்சம் வைத்திருங்கள், பிறகு வருகிறேன் என்று மணியிடம் சொல்லிவிட்டு வந்தாய். ஒரு மணி நேரத்தில் உன் படம் தெருவாசிகளின் போன் குழுவில் ஏறிவிட்டது. சந்தேகத்துக்குரிய ஆளாம், பையைத் தொடாதீர்களாம். பொலிஸ் வந்து எலுமிச்சம்பழத்தை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனது. யுத்தத்திலேயே எந்தப் பக்கத்து வீட்டுக்காரனும் உனக்குச் செய்யாததை, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புள்ளி வாங்கிய புறநகர் செய்தது.

உன் மகன் வெட்கத்தில் செத்துப்போனானாம். இனி தனியாக வெளியே போகவேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதன் பிறகு நீ ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து யாருமே நடக்காத ஒரு அழகான தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான்கு வருடம். தங்கச்சி சிட்னியில் இருக்கும் மகளிடம் போயிருந்த ஒரு வாரத்தில், எல்லோரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு, அதே கதிரையில் போய்விட்டாய். மாலைவரை யாருக்கும் தெரியாது. அலுவிகாரையில் எட்டு மணிக்கு உன் ஜன்னல் திறக்காவிட்டால் நோனா கதவைத் தட்டியிருப்பாள். அங்கே பக்கத்து வீட்டுக்காரன் அம்புலன்ஸ் வந்த பிறகுதான் முதல் தடவையாகக் கதவைத் திறந்தானாம்.

உன் மகனை நான் போகிற இடமெல்லாம் கேவலமாகப் பேசினேன். படித்த முட்டாள் என்றேன். அப்பனைப் பூந்தொட்டி மாதிரி ஜன்னலில் வைத்தவன் என்றேன். கேட்டவர்களெல்லாம் தலையாட்டினார்கள். எனக்கும் சுகமாகத்தான் இருந்தது.

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். அந்தப் புறநகரைத் தேர்ந்தெடுத்தது உன் மகன் இல்லை. நான்.

வீடு எடுக்குமுன் அவன் எனக்குப் போன் பண்ணினான். “அங்கிள், அப்பாகிட்ட கேட்டா ஏதாவது கிறுக்குத்தனமா சொல்லுவாரு. நீங்க மேப் தெரிஞ்சவரு, நீங்க சொல்லுங்க” என்றான். மேப் தெரிந்தவர். அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? இரண்டு இடம் அனுப்பியிருந்தான். ஒன்று ரயில் நிலையத்தை ஒட்டியது. மரக்கறிக் கடை, மீன் கடை, தமிழ்க் கடை, எல்லா நாட்டுச் சனமும் தெருவில். மற்றது இது. பிள்ளை குட்டியைத் தம்புள்ளைச் சந்தையில் கொண்டுபோய் வைத்தா வளர்ப்பாய் என்று கேட்டேன். லொறி ஓடாத, சனம் கத்தாத இடம்தான் கௌரவமான இடம் என்று பெரிய அதிகாரி மாதிரி தீர்ப்புச் சொன்னேன். உன்னைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

ஞாயிறுதோறும் பூசை முடிந்து நீ போன் எடுப்பாய். எப்படி இடம் என்று கேட்பேன். “நல்ல எடம் மச்சான். சத்தமே இல்ல” என்பாய். அதை எனக்குக் கிடைத்த நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டு தேத்தண்ணிக் கடையில் இரண்டு பேரிடமாவது சொல்லாமல் விடமாட்டேன். மெல்பேர்னையே இங்கிருந்து அளந்தவன் அல்லவா நான்.

போன மாதம் உன் நினைவுப் பூசைக்குத் தங்கச்சி இரத்தோட்டைக்கு வந்திருந்தாள். வழக்கம்போல அவள் முன்னாலும் உன் மகனை ஏச ஆரம்பித்தேன்.

“விடுங்கண்ணே. நீங்க சொன்ன எடந்தான்னு அவருக்கு மொத நாளே தெரியும்” என்றாள். “எனக்குத் தெரியும்னு மச்சான்கிட்ட சொல்லிறாத, தாங்கமாட்டான்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு. இப்ப நீங்க பேசுறதக் கேட்டதும் என்னால முடியல.”

நான் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. அதற்குப் பிறகும் இன்று காலைவரை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. கௌரவம்.

மத்தியானம் மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு அந்த இடத்தைக் காட்டியது நான்தான் என்றேன். மீன் பையையும் எலுமிச்சம்பழத்தையும் ஜன்னலையும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். மற்றவர்களை நான் பார்க்கும் பார்வைதான் அது.

“அப்ப நாங்க எங்கப்பா போறது?” என்றாள்.

தெரியாது என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை.

அவள் புருஷனைக் கூப்பிட்டு அந்த வீடு வேண்டாம் என்றாள். ரயில் நிலையத்துப் பக்கம் முதலில் ஒரு சின்ன வீட்டில் தங்கி, நடந்து திரிந்து பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம் என்றாள். அது சிவப்பு என்று அவன் பதறினான். “செவப்புன்னா அங்க ஆள் இருக்குன்னு அர்த்தம்” என்றாள். அவன் என்னைத் துணைக்குப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிள்ளைகள் தப்பினார்கள் என்று வைத்துக்கொள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாயே என்று நீ என்னை ஏசியிருக்கலாம். நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன், உன் மகனிடம் பேசி வேறு இடம் பார்த்திருப்பேன், நீ இன்னும் இருந்தாலும் இருந்திருப்பாய். ஊரில் ஒருவரை விடாமல் எல்லோரையும் கேவலமாகப் பார்த்தவன் நான். நான் கேவலப்பட்டுவிடக்கூடாது என்று நீ நான்கு வருடம் அந்தக் கதிரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தாய். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, மச்சான். என்னிடமே இருக்கிறது.