ஜி.எம். கல்லூரியின் மாலை வகுப்பு

பிப்ரவரி 3, 2025

முதல்வர் கூப்பிட்டனுப்பினார். வெள்ளி விழா மலருக்குக் கல்லூரியின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். "நீங்கதான மேடம் ஹிஸ்டரி." சோழர்களை நடத்துகிறவளுக்கு எல்லா வரலாறும் அத்துப்படி என்று நினைப்பு. பகல் வகுப்பு, மாலை வகுப்பு, அதற்கு மேல் இது. மாலை வகுப்பில் இப்போது மொத்தமே ஏழு பேர். அவர்களிலும் யாராவது இருவர் வருவதில்லை.

பிப்ரவரி 8

செயலர் பூவராகவனைப் பார்த்தேன். ஜி.எம். என்பது அவருடைய அப்பா கோ. முனுசாமியின் பெயராம். பைபாஸ் ஓரம் இருந்த நெல் வயலைக் கல்லூரிக்குக் கொடுத்தவர். "எங்க நைனா இல்லன்னா இந்தக் காலேஜே இல்லம்மா. அத மொதல் வரியா போடுங்க." சரி என்றேன். ஒரு வழியாக முதல் வரி கிடைத்தது.

பிப்ரவரி 15

முதல் வரி போயிற்று.

கவரைப்பேட்டையில் ஆதிகேசவன் என்றொருவர். பழைய தொழிற்சங்கக்காரர், கல்லூரியைத் தொடங்கியவர்களில் ஒருவர். முனுசாமி பெயரைச் சொன்னதுமே கோபத்தில் எழுந்து நின்றுவிட்டார். ஜி.எம். என்றால் கும்மிடிப்பூண்டி மாலைக் கல்லூரியாம். இங்கிலீஷில் முதல் இரண்டு எழுத்து, அவ்வளவுதான். பகல் வகுப்பே நாலு வருடம் கழித்துத்தான் வந்ததாம்.

"பகல்ல படிக்கிறவனுக்கு பொன்னேரில காலேஜ் இருந்துச்சி. கம்பெனிக்குப் போறவன் எங்க போவான்? அதுக்குத்தான் ஆரம்பிச்சோம். நெலம் குட்த்தாரு, இல்லன்னு சொல்லல. நாங்க ஒரு மாசம் அவர் ஊட்டாண்ட போய் நின்னுக்கினு இருந்தோமே, அதையும் எழுது."

தன்னுடைய போட்டோ எந்தப் பக்கத்தில் வரும் என்றும் கேட்டார்.

பிப்ரவரி 17

எல்லோரும் நிறுவனர்கள். மாலை வகுப்பில் படித்தவர் என்று ஒருவரும் அகப்படவில்லை.

பிப்ரவரி 22

அகப்பட்டார். கிரேஸ், கல்லூரி தொடங்கிய வருடமே சேர்ந்த மாணவி. அப்பா அம்மா இருவரும் பூவராகவன் குடும்பத்து வயலில் நாற்று நட்டவர்கள். இவர் பகலில் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங், மாலையில் பி.ஏ. இப்போது அரசு அலுவலகத்தில் வேலை. நான் எதிர்பார்த்த நன்றியுரை எதுவும் வரவில்லை. நேராக ஒரு கேள்விதான் வந்தது.

"அஞ்சு மணிக்கு கிளாஸ் வெச்சா யாரு மிஸ் வருவா? ஷிப்டு முடியறதே அஞ்சரை. எங்க காலத்துல கம்பெனி பஸ் வந்தப்புறந்தான் வாத்தியாரு பாடத்தையே எடுப்பாரு."

ரயிலில் வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஐந்து மணி யார் வைத்தது? நான் சேர்வதற்கு முன்பே ஆசிரியர்கள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள் — சீக்கிரம் வண்டி பிடிக்க. அந்த வண்டியில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 5

சேர்க்கை குறைவு. ஜூன் முதல் மாலை வகுப்பு கிடையாது, செயலர் முடிவு. அறைகள் கம்ப்யூட்டர் பிரிவுக்கு. சுற்றறிக்கையில் கையெழுத்து வாங்கிக்கொண்டே முதல்வர் சொல்கிறார், என் கட்டுரைக்கு 'எல்லோருக்கும் கல்வி' என்று தலைப்பு வைக்கச் சொல்லி!

இன்னா மனுஷங்க இவங்க? எதுக்காக ஆரம்பிச்சாங்களோ அதையே மூடிட்டு, அதுக்கு விழா வேற. நான் வேற உக்காந்து வாழ்த்து எழுதணும்.

நல்லதாப் போச்சு, இனிமேல் நேரத்தோடு வீட்டுக்கு வரலாம் என்றார் என் கணவர் அன்புராஜ். ஒரு மாதத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். இன்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், இந்த வீட்டில் அவருக்கு எது பேசினாலும் வம்பு.

மார்ச் 12

கட்டுரையைச் செயலரிடம் நீட்டினேன். கடைசிப் பத்தி வரை புன்னகையோடு படித்தார். அதற்குப் பிறகு இல்லை.

"இத எதுக்கு எழுதியிருக்கீங்க? நான் மூடுனேன்னு?"

"ஆரம்பிச்சவங்க பேர் வந்தா மூடுனவங்க பேரும் வரணும் சார். உங்க அப்பா முதல் பக்கத்துல. நீங்க கடைசிப் பக்கத்துல."

அவர் சுவரில் இருந்த அப்பாவின் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாதான் வேணும் உங்களுக்கு?"

ஆறரை மணி வகுப்பு என்றேன். ஒரு வருடம் பார்க்கலாம், ஆனால் ஆறரைக்கு எந்த ஆசிரியர் உட்காருவார் என்று கேட்டார். நான் என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. பைத்தியமா எனக்கு?

மார்ச் 13

ஆறரை மணி வகுப்பு என்றதும் அன்புராஜ் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மே 20

கம்பெனி வாசல்களில் நோட்டீஸ் கொடுத்தோம். நான், கிரேஸ், ஆதிகேசவன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆதிகேசவன் கொடுப்பதைவிடப் பேசுவதே அதிகம். ஒரு பையனை நிறுத்தி 2000-த்தில் நடந்ததெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பஸ் கூட்டம் கடந்து போய்விட்டது. "வரலாறு தெரிய வேணாமா?" என்கிறார். அட்மிஷன் வேணும் சார், அட்மிஷன்!

ஜூலை 4

மலர் வந்தது. என் கட்டுரை இல்லை. அதற்கு ஒதுக்கிய ஆறு பக்கமும் பொன்னாடைப் படங்கள். ஜி.எம். என்பது முனுசாமிதான் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஆதிகேசவன் போனில் அரை மணி நேரம் கத்தினார், என்னமோ நான்தான் அச்சடித்த மாதிரி. அழுதேன். பிறகு அதற்கும் எரிச்சல் வந்தது.

ஜூலை 21

மாலை வகுப்பில் இன்று நாற்காலி போதவில்லை. புதிதாகச் சேர்ந்த ஈஸ்வரி, கம்பெனிச் சட்டைகூட மாற்றாமல், தன் லைனில் வேலை செய்யும் மூன்று பெண்களையும் கூட்டி வந்துவிட்டாள். கம்ப்யூட்டர் லேபிலிருந்து நாங்களே தூக்கி வந்து போட்டோம். முடிந்த பிறகு யாரும் திருப்பி வைக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாளை முதல்வர் கேட்பார். கேட்கட்டும்.