ஜூனியரை அழிக்க நான் விடமாட்டேன்

சின்ன காஞ்சிபுரம்
பிப்ரவரி 2007

சிரஞ்சீவி அபிநவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். அப்பாவின் முழங்கால் வலியையும் என் கோபத்தையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் பெருமாள் புண்ணியத்தில் இங்கே இரண்டு பேரும் சௌக்கியம். கிளாஸ்கோவில் உன் இருமல் நின்றதா, நான் கொடுத்தனுப்பிய அங்காயப் பொடியைத் திறந்தாவது பார்த்தாயா, இல்லை அதுவும் அலமாரியில் தூங்குகிறதா என்று எழுது. கம்ப்யூட்டரை வீட்டில் வைத்துக்கொண்டு எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாய் என்று கேட்காதே. மெயில் அனுப்பினால் ஆபீஸில் உட்கார்ந்து பாதியைப் படித்துவிட்டு ‘ஓகேமா’ என்று ஒரு வார்த்தை தட்டிவிடுவாய். இது ஓகேமா சொல்லித் தீருகிற விஷயம் இல்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை நான் சாத்தமுதுக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறேன், வாசலில் சாமுவேல் வந்து நிற்கிறான். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்துக்கொண்டு நமக்கு இந்தக் கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தவன், அவன்தான். உங்க புள்ள போன் பண்ணிக்கினே இருக்காரும்மா, கேமரா மாட்டச் சொல்லி, ஆனா இதுல எடமே இல்ல, வைரஸு வேற இருக்குது, எல்லாத்தயும் தொடைச்சிட்டுப் புதுசா போட்டாத்தான் ஓடும் என்றான். எல்லாவற்றையும் என்றால், அந்தக் குடும்பமும் போய்விடுமா என்று கேட்டேன். எந்தக் குடும்பம்மா என்று உள்ளே எட்டி எட்டிப் பார்க்கிறான், யாரோ குடி வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு. திரையைப் போட்டுக் காட்டினேன். இந்த கேமாம்மா, இதுதான் பாதி எடத்த அடைச்சிக்கினு இருக்குது, முதல்ல இதத் தூக்கணும் என்று சந்தோஷமாகச் சொன்னான். எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் திரும்பப் போட முடியாதா என்றால், சிடில ஏத்திப் பாக்கறேன், ஆனா அப்படியே திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாதும்மா என்று தலையைச் சொறிந்தான். ஒரு டம்ளர் காபியைக் கொடுத்து, இன்றைக்கு நாள் சரியில்லை என்று அனுப்பி வைத்தேன். வியாழக்கிழமை மறுபடி வந்தான், அன்றைக்கும் காபியோடு போனான். பாவம் அவனை எத்தனை முறை அலைக்கழிப்பது, அவனா செய்தான், ஏவிவிட்டவன் நீ.

என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நான் கேட்டதற்கு ஞாயிற்றுக்கிழமை போனில் என்ன சொன்னாய்? அது வெறும் கேம்மா, சந்தோஷ் பண்ண கேரக்டர்ஸ்தானே, நம்மளது கூட இல்ல, வேணும்னா வேற புதுசா பண்ணிக்கோ என்று. ஏன்டா, அவர்களை என் தலையில் கட்டிவிட்டுப் போனது யார்? உன் ஹாஸ்டல் ரூமில் கூட இருந்த தாமல் கிராமத்துப் பையன் சந்தோஷ்குமார் அந்த மூன்று பேரையும் செய்தான், நீ அவனிடமிருந்து எடுத்து வந்து இதில் வைத்தாய், ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, அப்பப்ப திறந்து சோறு போட்டுத் தூங்க வைம்மா, உனக்கும் பொழுது போகும் என்று மவுஸ் என்கிற அந்த எலியை என் கையில் கொடுத்தாய். பொழுதா போயிற்று? என் பிராணன் போயிற்று. உன் மீன் தொட்டிக்கும் இப்படித்தான் ஆயிற்று. நீ வாங்குவாய், நான் தண்ணீர் மாற்றுவேன்.

முதலில் நான் எதையும் தொடவில்லை, அது உனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு இரவல் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனால் பந்தியில் உட்காரவே பயமாக இருக்குமே, அப்படித்தான் இருந்தேன், யாரோ பெற்ற பிள்ளைகள், வைத்தது வைத்தபடி இருக்கட்டும் என்று. ஆனால் அந்த சந்தோஷ் அவர்களை எப்படி வைத்திருந்தான் என்று பார்த்தாயா நீ? அந்த விக்டர் மீசையும் தானுமாக எந்நேரமும் சோபாவில் கிடக்கிறான், வேலைக்கு அழைத்துப் போகக் கார் வந்து வாசலில் ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் போகிறது. லில்லி அடுப்பே மூட்டுவதில்லை, போனை எடுத்து எதையாவது வரவழைத்துத் தின்கிறாள். அந்தக் குழந்தை ஜூனியர், அதற்கு ஒரு நல்ல பெயர் கூட வைக்கத் தோன்றவில்லை அவனுக்கு, ஈக்கள் மொய்க்கிற தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து பாடம் எழுதுகிறது. இதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? முதலில் அடுக்களையை ஒட்டியிருந்த கக்கூஸைப் பிடுங்கிக் கொல்லைப்பக்கம் வைத்தேன். சோபாவை விற்றேன். விக்டர் எழுந்ததும் குளிக்காமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது என்று ஆக்கினேன். செருப்பை மட்டும் கழற்ற வைக்க முடியவில்லை, அடுக்களைக்குள் டக்டக்கென்று பூட்ஸோடு நடக்கிறார்கள், இன்றைக்கும் எனக்கு அது ஆற்றாமைதான். அப்பா விக்டருக்கு வீராசாமி என்று பெயர் வைத்துவிட்டார், காலையில் கோயிலில் பாசுரம் சொல்லும் கோஷ்டிக்குக் கிளம்பும்போது, வீராசாமி எழுந்தானாடி என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

இப்போது ஏகாதசிக் கதையைச் சொல்கிறேன், உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன், சிரிப்பாய் என்று. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் இருக்கிறோம், இவர்கள் மட்டும் மேஜை நிறைய வைத்துச் சாப்பிடுவதா என்று தோன்றியது. வீட்டுக்கு வீடு ஒரு முறை உண்டு இல்லையா. வாயால் சொன்னால் கேட்கிற ஜன்மங்களா அவர்கள், அதனால் அடுப்பையும் ஃபிரிட்ஜையும் விற்றுவிட்டேன், துவாதசிக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று. குழந்தைகளுக்கு விரதம் கிடையாது என்று எனக்குத் தெரியாதா, நன்றாகத் தெரியும், ஜூனியருக்குப் பால் கொடுக்க ஏதாவது வழி செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கோயிலுக்கு நேரமாயிற்றென்று அப்படியே எழுந்து போய்விட்டேன். கேமை நிறுத்திவிட்டுப் போகத் தோன்றவில்லை. அங்கே நம் நிமிஷம் ஒரு மணி நேரமாமே, நான் சேவித்துவிட்டு, தீர்த்தம் துளசி வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் நசுங்கித் திரும்பி வருவதற்குள் அங்கே எத்தனை நாள் போயிற்றோ. வந்து பார்த்தால் விக்டரும் லில்லியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கத்துகிறார்கள், யூனிபாரம் போட்ட ஒரு பெண்மணி ஜூனியரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காரில் ஏற்றுகிறாள். கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே ஊஞ்சலில் அப்பா பேப்பர் படிக்கிறார்! கேட்டால், யாரோ மாமி வந்தா, ஒன் ஆட்களுக்குத் தெரிஞ்சவா போலருக்குன்னு விட்டுட்டேன் என்கிறார். நான் கையிலிருந்த துளசியைக் கீழே வைக்கக் கூடத் தோன்றாமல் நின்று அழுதேன் அபிநவ், வாய்விட்டு அழுதேன். குழந்தையைப் பட்டினி போட்டவள் என்று என் வீட்டுக்குள் வந்து ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறாளே என்று. அப்பா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார், அதையும் குடிக்க முடியாது, ஏகாதசி.

அந்த நேரத்தில் கரண்ட் போயிற்று. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. நானும் அப்பாவும் கறுத்துப்போன திரைக்கு முன்னால் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வந்ததும் போட்டேன், முந்தின நாள் எங்கே நிறுத்தினேனோ அங்கேயே இருக்கிறது எல்லாம், ஃபிரிட்ஜ் இருக்கிறது, ஜூனியர் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. நடுவில் நடந்ததை அது எழுதி வைத்துக்கொள்ளவே இல்லையாம். கரண்ட் போனதற்கு மின்சார ஆபீஸை வாழ்த்தின ஒரே பொம்மனாட்டி இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். மறுநாள் விரதம் முடிக்கிற பாரணைக்கு எங்களுக்கு இலை போடுவதற்கு முன்னால் ஜூனியருக்குச் சாப்பாடு கொடுத்தேன். அதிலிருந்து ஏகாதசி என்றால் கம்ப்யூட்டரையே திறப்பதில்லை. இரவல் பொருளுக்கு யாராவது அப்படி அழுவார்களா, நீயே சொல்லு.

நான் சொன்னால் நம்பமாட்டாய், உன் சிநேகிதன் வாயாலேயே கேள். போன மாதம் சந்தோஷ்குமார் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தான். நல்ல பையன், இப்போது ஸ்ரீபெரும்புதூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். உன் பிள்ளைகளைப் பாரப்பா, திருப்பி எடுத்துக்கொண்டு போகிறாயா என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். நான் எலியைத் தொடவே இல்லை, எல்லாம் தானாக நடக்கிறது. விக்டர் எழுந்தான், குளித்தான், ஜூனியரோடு சதுரங்கம் ஆட உட்கார்ந்தான், லில்லி செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு அடுப்புப் பக்கம் போனாள். சந்தோஷ் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். இன்னா ஆன்ட்டி இது, நான் பண்ணவன் எழுந்துக்கவே மாட்டானே, மூஞ்சி மட்டும்தான் நம்ம விக்டரு, இவங்க என் ஆளுங்க இல்ல ஆன்ட்டி, உங்க ஆளுங்க, நீங்களே வெச்சிக்கோங்க என்றான். செய்தவனே எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லிவிட்டான். நடுவில் தூக்கிக்கொண்டு வந்த நீ யார், நம்மளது இல்லை என்று சொல்ல? எனக்குச் சொல்லாமல் சாமுவேலை அனுப்ப?

எல்லாவற்றையும் விட, என் முகத்தைப் பாக்க ஒனக்கு ஆசையே இல்லையாம்மா என்று கேட்டாயே, அதுதான் சுருக்கென்று தைத்தது. பெற்றவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? ஸுபத்ரா அத்தை வீட்டில் அந்தக் கேமராவைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அத்தை பெண் ஜாஹ்னவியின் முகம் தபால் தலை அளவுக்கு வருகிறது, பேசிக்கொண்டே இருக்கும்போது வாய் திறந்தபடி உறைந்து நின்றுவிடுகிறது, அத்தை பாட்டுக்கு அதைப் பார்த்து, சாப்பிட்டியா, சாப்பிட்டியா என்று கத்திக்கொண்டிருக்கிறாள். இருந்தாலும் எனக்கும் ஆசைதான். நீ போய் இரண்டு வருஷம் முடியப்போகிறது, உன் கன்னம் வற்றிவிட்டதா, தலைமுடி இருக்கிறதா கொட்டிவிட்டதா என்று கூட எனக்குத் தெரியாது. ஆசை இல்லாமலா இருக்கும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு நீ வருவதாகச் சொல்லி வராமல் போனாயே, அந்த வாரம் அப்பா என்னிடம் சொல்லாமல் அதில் உன்னைச் செய்துவிட்டார். மூக்குக் கண்ணாடி, நெற்றியில் விழுகிற முடி, அந்த அரைச் சிரிப்பு, எல்லாம் உன் அச்சு. லில்லியை விட்டுப் போன் பண்ண வைத்தார். பண்ணின உடனே வந்து வாசலில் நிற்கிறான். உள்ளே கூப்பிட்டு, சாப்பிடு என்றால் சாப்பிடுகிறான், குளி என்றால் குளிக்கிறான், ஒன்பது மணிக்குப் படு என்றால் படுத்துவிட்டான். அப்பாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். எனக்கு இல்லை. சொன்ன உடனே சாப்பிடுகிறவன் என் பிள்ளை இல்லை. ஜூனியரை அழிக்க வருகிறான் என்று சாமுவேலை வாசலிலேயே நிறுத்துகிற நான், உன்னை நானே எலியைப் பிடித்து அழித்தேன். யார் பெற்றவர்களையோ எனக்கென்று வைத்துக்கொள்ள முடிந்தது. என் பிள்ளையைப் பொம்மையாக வைத்துக்கொள்ள முடியவில்லை. அப்பா எழுந்து போய்க் கொல்லையில் நின்றார்.

ஆகவே நான் முடிவாகச் சொல்கிறேன். வைகாசியில் கருட சேவைக்கு நீ வா. வந்து, உன் கையாலேயே அந்த மூன்று பேரையும் பத்திரமாக எடுத்து வைத்து, திரும்பி வருகிறார்கள் என்று எனக்குக் காட்டிவிட்டு, அப்புறம் எதை வேண்டுமானாலும் துடை, எத்தனை கேமரா வேண்டுமானாலும் மாட்டு. அதுவரைக்கும் சாமுவேல் எத்தனை முறை வந்தாலும் அவனுக்குக் காபி மட்டும்தான்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, சனிக்கிழமையாவது எண்ணெய் வை. பேரருளாளன் உன்னைக் காப்பாற்றட்டும். டிக்கெட் போட்டதும் முதலில் எங்களுக்குச் சொல், பிறகு சாமுவேலுக்குச் சொல்.

உன் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா
வத்ஸலா ஸௌந்தரராஜன்

மறக்காமல் ஒன்று: உன்னை நான் அழித்ததற்காக அப்பா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. வந்தால் முதலில் அவரிடம் போய் நில்.