மூளைக்கு ஐந்தாம் வகுப்பு

ஜூன் 14, சனி

கோபம் இன்னும் ஆறவில்லை. நான் துப்புரவு வேலை செய்யும் பல்கலைக்கழகத்தில் கவிதா என்றொரு சென்னைப் பிள்ளை மூளை ஆராய்ச்சி செய்கிறாள். இரண்டு மொழியை மூளை எப்படிப் பிரித்தெடுக்கிறது என்று கணினியில் கணக்குப் போடுகிறாளாம். தமிழ்த் தலைகள் வேண்டுமென்று அவளே கெஞ்சிக் கூப்பிட்டாள். தலையில் வயர்த் தொப்பி ஒட்டவேண்டுமாம். நான்கு நாளாக எண்ணெய் வைக்காமல், இன்று முழுகிவிட்டு, நான் குடியிருக்கும் மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து ரயிலேறிப் போனேன்.

போனால் ஒரு படிவம். எத்தனை வருடம் படித்தீர்கள்? ஐந்து என்றேன். அவள் முகம் சுருங்கியது.

"பத்து வருஷமாவது படிச்சவங்கதான் வேணுமாம், ஆன்ட்டி. பேராசிரியர் சொல்லிட்டார்."

"அப்ப என்ரை மூளை இன்னும் ஐஞ்சாம் வகுப்பு வாங்கிலேயே குந்திக்கொண்டு இருக்குதெண்டு நினைக்கிறாரோ?"

சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பத்துன்னு போட்டுடட்டுமா?" என்றாள்.

பள்ளிக்கூடத்தை நான் விடவில்லை. ஊரில் சண்டை வந்தபோது அந்தக் கட்டடத்துக்குள் ஆமிப் பட்டாளம் வந்து குடியேறியது. பிறகு சிங்களம் படித்தேன், இங்கிலீஷ் படித்தேன், கூட வேலை செய்யும் சமோவாக்காரியோடு சண்டை பிடிக்க அவளுடைய பாஷையும் படித்தேன். அதெல்லாம் யாருடைய தலைக்குள் போனதாம்?

"ஐஞ்செண்டே எழுது, பிள்ளை. வேண்டாமெண்டால் அவரே வந்து என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லட்டும். திங்கட்கிழமை அவரின்ரை அறையைக் கூட்டுறதும் நான்தான்."

எழுதினாள். கீழே நான் கையெழுத்துப் போட்டேன், நன்றாக அழுத்தி.