இருபத்தேழரையா, இருபத்தொன்பதா?

மார்ச் 4, செவ்வாய்

இன்று நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு உயரமும் எடையும் பார்த்தேன். டாக்டரைப் பார்க்க வருகிற எல்லாரும் முதலில் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். "குதிகாலை ஒட்டுங்க, முட்டியை நேரா வைங்க, நேரா பாருங்க." பதினெட்டு வருடமாக இந்த மூன்று வார்த்தையைச் சொல்லித்தான் சாப்பிடுகிறேன். ஆண்கள் குதிகாலை லேசாகத் தூக்குவார்கள். எடை பார்க்க ஏறும்போது சிலர் கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றி வைப்பார்கள். எல்லாத் திருட்டும் எனக்கு அத்துப்படி.

மத்தியானம் எலும்பு டாக்டரிடம் என் கழுத்தைக் காட்டினேன். "எதுக்குங்க எப்பவும் குனிஞ்சே நிக்கிறீங்க? யாராவது தலையில குட்டிட்டே இருக்காங்களா?" என்றார். சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். வாரத்தில் ஒரு நாளாவது உடம்பை அசைக்கச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 9, ஞாயிறு

லேப் அக்கா விடவே இல்லை. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை அவர்தான். ஞாயிறானால் ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணனோடும் இன்னும் நாலு பேரோடும் நீர்த்தேக்கத்துக்குப் பின்னால் இருக்கும் காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறார். எனக்காகத் தன் கொழுந்தனாருடைய மலைச் சைக்கிளை இரவல் வாங்கி வந்திருந்தார். கொழுந்தனார் ஆறடி ஆள்.

சைக்கிள் விட்டு இருபது வருடமாகிறது. முதல் பத்து நிமிடம் உயிர் கையில் இல்லை. பிறகு — எப்படி எழுதுவது? கல், வேர், பள்ளம் எல்லாவற்றின் மேலும் சும்மா உருண்டு போனது. கை, கால், முதுகு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. சைக்கிளில் உட்கார்ந்துவிட்டால் உயரம் யாருக்கும் தெரிவதில்லை. மூன்று மணி நேரம் என்னை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

எனக்கு ஒன்று வாங்கியே ஆக வேண்டும்.

மார்ச் 12, புதன்

சாப்பாட்டு நேரத்தில் ஒரு கேள்வி கேட்டு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். சக்கரம் எந்த அளவு வாங்குவது? லேப் அக்கா, "இருபத்தொன்பது இன்ச். கண்ணை மூடிட்டு வாங்கு. உன் உயரத்துக்கு அதுதான்" என்றார். டிரைவர் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே சண்டைக்கு வந்தார். "பெரிய சக்கரம் நேர்ல போகும்மா, வளைவுல சொன்ன பேச்சு கேக்காது. இருபத்தேழரைதான் கைக்கு அடக்கம்." இருவரும் என் தட்டைத் தாண்டித் தாண்டிப் பேசினார்கள். நான் மூன்றாம் மனுஷியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

'உன் உயரத்துக்கு.' அந்த வார்த்தையைக் கேட்டவுடன் இருபத்தொன்பது மேல் ஒரு வெறுப்பு வந்துவிட்டது.

மார்ச் 15, சனி

சைக்கிள் கடைக்குப் போன் செய்தேன். என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து ஒரு மூக்குக் கண்ணாடிக்குத் திருகு மாட்டிக்கொண்டிருந்தார். (கண்ணாடிக் கடை வேலை சனிக்கிழமையும் வீடு தேடி வரும்.) கடைக்காரர் முதல் கேள்வியே உயரம்தான்.

"நூத்தி எழுபத்தஞ்சு" என்றேன்.

பொய். இதை இந்த நோட்டில்கூட நான் எழுதியதில்லை. பள்ளியில் எனக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். பதினைந்து வயதில் உயரக்கோலின் கீழ் முட்டியை மடக்கக் கற்றுக்கொண்டேன். பாவாடைக்குள் மடங்கிய முட்டி யாருக்குத் தெரியும்? இவரை முதலில் பார்த்தபோது பேச்சுவாக்கில் கேட்டார், நூற்று எழுபத்தைந்து என்றேன். "நான் எழுபத்தி மூணு. ரெண்டு சென்டிமீட்டர்தானே, கழுதை, விட்டுத்தள்ளு" என்றார். பதினேழு வருடமாக எங்கள் வீட்டில் அது ஒரு வேடிக்கைப் பேச்சு. 'அந்த ரெண்டு சென்டிமீட்டருக்காகப் பரண்ல இருக்கறதை நீதான் எடுக்கணும்.' அந்த ரெண்டு சென்டிமீட்டரைக் காப்பாற்ற நான் ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்கிறேன், போட்டோவில் ஒரு படி கீழே நிற்கிறேன், இடுப்பை ஒடித்து நடக்கிறேன்.

"அப்ப மீடியம் பிரேம் போதும். சக்கரம் ரெண்டும் இருக்கு, எது வேணும்?" என்றார் கடைக்காரர்.

"இருபத்தேழரை." பெரிய சக்கரத்தின் மேல் நான் உட்கார்ந்தால் ஒட்டகத்தின் மேல் ஒட்டகம்.

மார்ச் 22, சனி

சைக்கிள் வந்துவிட்டது. கரும்பச்சை. மகள் மணியை அடித்துப் பார்த்தாள். அழகு, அழகு, அழகு.

மார்ச் 30, ஞாயிறு

வளைவில் திரும்பினால் முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கிறது. சீட்டை, அதன் கம்பியிலிருக்கும் எல்லைக் கோட்டையும் தாண்டி ஏற்றிப் பார்த்தேன், இப்போது கை எட்டவில்லை, இல்லை, எட்டுகிறது, ஆனால் கூனிக்கொண்டு. டிரைவர் அண்ணன் பின்னால் இருந்து, "சர்க்கஸ் கரடி மாதிரி இருக்கம்மா" என்று சிரித்தார். நல்ல மனிதர். சிரிப்பு மட்டும் முள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

விழுந்துவிட்டேன். இறக்கத்தில் ஒரு வேர், முன்சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. ஹேண்டில்பாருக்கு மேலே பறந்தேன். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்தது, பிரேமில் ஒரு நீளக் கீறல். லேப் அக்கா மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே, "இருபத்தொன்பதா இருந்தா ஏறிப் போயிருக்கும், சொன்னேன்ல" என்றார். "சக்கரம் இல்ல, இவங்க உக்காந்திருக்கிற லட்சணம். தலை முழுக்க முன்னாடி கிடக்கு" என்றார் டிரைவர் அண்ணன். நான் பாதையோரம் உட்கார்ந்திருக்க, எனக்காக மறுபடி சண்டை.

சக்கரத்தைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பைப் ரிப்பேர். சமையலறையெல்லாம் தண்ணீர். மகள் வாலிபால் டீமில் சேர மாட்டேன் என்கிறாளாம், அவளுடைய விளையாட்டு டீச்சர் போன் செய்தார். ஏனென்று கேட்டால் "பிடிக்கல" என்கிறாள். போன வருடம் பந்தும் கையுமாகத் திரிந்தவள். பதிமூன்று வயது, கேட்டால் ஒற்றைச் சொல்தான் பதில்.

ஏப்ரல் 10, வியாழன்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

பள்ளியில் உடல்நலச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். எதற்கு வெளியே போக வேண்டும், என் மேசைக்கே வா என்றேன். பள்ளி முடிந்து வந்தாள். வரிசையில் யாரும் இல்லை. கோலின் கீழ் நிறுத்தி, "குதிகாலை ஒட்டு, முட்டியை நேரா வை, நேரா பாரு" என்றேன். தகட்டை இறக்கினேன். நூற்று அறுபத்தொன்பது.

எழுதப் போன பேனா நின்றது. பாவாடை முன்பக்கம் லேசாகத் தள்ளியிருந்தது. முட்டி.

"முட்டியை நேராக்கு."

"நேராத்தாம்மா இருக்கு."

ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்துவிட்டேன். குதிகாலைத் தூக்குகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். முட்டியை மடக்குகிற ஒருத்தியை இந்தக் கோலின் கீழ் முதல் தடவையாகப் பார்க்கிறேன், அதுவும் என் வயிற்றில் பிறந்தது. கோபம் வந்துவிட்டது. "பொய் சொல்லாதே. எதுக்குடி இது?"

"நீ மட்டும்?" என்றாள்.

அவள் அழ ஆரம்பித்தாள். "அப்பாவைவிட உயரமாயிட்டேம்மா. போன மாசமே ஆயிட்டேன். நீ அப்பாவுக்காகக் குனியறே. அப்புறம் நான் மட்டும் எப்படி நிமிர்ந்து நிக்கறது?"

சின்ன வயதிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பாடம் எடுக்காமலே எடுத்திருக்கிறேன். அய்யோ, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன் நான்?

கண்ணைத் துடைத்து மறுபடி நிறுத்தினேன். நூற்று எழுபத்து நாலு. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

லீவு போட்டுவிட்டுச் சும்மா படுத்திருந்தேன்.

ஏப்ரல் 12, சனி

கடைக்குப் போனோம், மூன்று பேரும். சைக்கிளைச் சரி செய்ய என்று இவரிடம் சொல்லியிருந்தேன். மகளையும் வா என்றேன், ஏன் என்று சொல்லவில்லை.

கடைக்காரர் கீறலைத் தடவிப் பார்த்தார். என்னை ஏறி உட்காரச் சொன்னார். "உங்க காலை அளந்தே ஆகணும்மா" என்று ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை நீட்டினார். சுவரோடு ஒட்டி நின்று, புத்தகத்தை இரண்டு காலுக்கும் நடுவில் முடிந்தவரை மேலே பிடிக்க வேண்டும். தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை கால் நீளமாம். டேப்பை மகளிடம் கொடுத்தார். அவள் குனிந்து பார்த்துப் படித்தாள். "எண்பத்தொன்பது."

"எண்பதான்னு பாரு குட்டி, சரியாப் பாரு."

"எண்பத்தொன்பதுதாங்க."

அவர் என் பழைய ஆர்டர் ரசீதைத் தேடி எடுத்தார். "நூத்தி எழுபத்தஞ்சு உயரத்துக்கு எண்பத்தொன்பது காலா? பாதிக்கு மேல காலாவே இருக்கே. மனுஷங்களுக்கு இப்படி வராதே. டேப்தான் இழுத்துப் போச்சோ?"

கடையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். இவர் ஒரு ஹெல்மெட்டைக் கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் தரையில் மண்டியிட்டபடி என்னைப் பார்த்தாள். அந்த முகம் — மாட்டிக்கொண்டவளைப் பார்க்கிற முகமில்லை. என்ன செய்யப் போகிறாள் பார்ப்போம் என்கிற முகம்.

"டேப் சரிங்க. நான்தான் தப்பாச் சொன்னேன்" என்றேன். "நூத்தி எண்பத்தாறு."

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், யாரும் இல்லாத நேரத்தில் என் கோலின் கீழ் நானே நின்று பார்த்த எண். ஒருவரிடமும் சொன்னதில்லை. கடைக்காரருக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. "அப்படிச் சொல்லுங்க! லார்ஜ் பிரேமுக்கு மேலே போகணும். சக்கரம் இருபத்தொன்பது. இந்தச் சின்ன சைக்கிளை நான் திருப்பி எடுத்துக்க முடியாதும்மா, கீறல் விழுந்துட்டுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பதினேழு வருடப் பொய்க்கு ஆயுள் அவ்வளவுதான்.

இவர் ஹெல்மெட்டைத் திருப்பி மாட்டினார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையில் டீயோடு வந்து எதிரே உட்கார்ந்தார். "பதிமூணு சென்டிமீட்டர்" என்றார். "ரெண்டு இல்ல."

"தெரியுமா உங்களுக்கு?"

"நான் கண்ணாடிக் கடையில வேலை பாக்கறவன். அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனா தூக்கம் வராது எனக்கு. பக்கத்துல படுத்திருக்கிறவ பதிமூணு சென்டிமீட்டர் அதிகம்னு தெரியாதா?"

"அப்ப ஏன் ஒரு நாளும் சொல்லலை?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "உனக்குப் பிடிச்ச நம்பர்னு விட்டேன்னு சொல்லலாம். ஆனா அது முழு உண்மை இல்ல. எனக்கும் அது சௌகரியமா இருந்துச்சு. நீ குனியறதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன். தப்புதான்" என்றார்.

கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். அழுகைதான் வந்தது. கழுத்து வலி முழுவதும் என் தலையிலேயே கட்டப்பட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பாதியைத் தன் பங்கு என்று எடுத்துக்கொண்டார். மகள் வாலிபாலை விட்டது ஏன் என்று அப்போதுதான் சொன்னேன். எழுந்து போய் அவள் அறைக் கதவைத் தட்டினார். அரை மணி நேரம் என்ன பேசினார்களோ, வெளியே வரும்போது முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள். "பாரும்மா, யாரு உயரம்?" என்றாள். "நீதான்" என்றேன். "ஒரு சென்டிமீட்டர். கழுதை, விட்டுத்தள்ளு" என்றார் இவர்.

ஏப்ரல் 20, ஞாயிறு

புது சைக்கிள். இருபத்தொன்பது. அதே வேர், அதே இறக்கம், ஏறி இறங்கிப் போய்விட்டது. டிரைவர் அண்ணன் சொன்னது போல் வளைவில் கொஞ்சம் முரண்டுதான், முன்கூட்டியே சொல்லித் திருப்ப வேண்டியிருக்கிறது. அதைச் சொன்னதும் அவருக்கு அத்தனை சந்தோஷம். லேப் அக்காவுக்கும் சந்தோஷம். இருவரும் தாங்கள்தான் ஜெயித்ததாக நினைக்கிறார்கள், இருக்கட்டும்.

ஏப்ரல் 26, சனி

கூடத்தில் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒரு சாண் மேலே ஏற்றி மாட்டியிருக்கிறார். பழைய ஆணி இருந்த ஓட்டை கீழே தெரிகிறது. காலையில் குனிந்து பொட்டு வைக்கப் போனேன், என் வகிடுதான் தெரிந்தது. நிமிர்ந்தேன். இவர் எட்டி எட்டி மீசையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு ஸ்டூல் வாங்கணும்" என்றார்.

மே 3, சனி

இன்னும் குனிகிறேன். கடையில், லிப்டில், யாராவது போட்டோ எடுத்தால். நினைவு வந்து நிமிர்வதற்குள் கிளிக் ஆகிவிடுகிறது. பழக்கம் ஒரே நாளில் போகுமா? கழுத்து வலி கொஞ்சம் பரவாயில்லை.

வாலிபால் டீச்சரிடம் மகளே போய்ப் பேசினாளாம்.

மே 11, ஞாயிறு

மகள் முதல் தடவையாகக் காட்டுப் பாதைக்கு வந்தாள், பழைய பச்சை சைக்கிளில். மீடியம் பிரேம், இருபத்தேழரை. அவளுக்காகவே செய்த மாதிரி இருந்தது. முட்டி எங்கும் இடிக்கவில்லை. வளைவில் என்னை முந்திக்கொண்டு போனாள், இறக்கத்தில் நான் பிடித்துவிட்டேன்.

திரும்பும் வழியில் தண்ணீர் குடிக்க நின்றோம். என் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றாள். சீட் அவள் இடுப்புக்கு மேலே இருந்தது. ஏறிப் பார்த்தாள், கால் தரையைத் தொடவில்லை, சரிந்து என் மேல் விழுந்தாள். சிரித்தாள்.

"இதை நான் ஓட்டணும்னா இன்னும் எவ்வளவு வளரணும்?"

"பன்னிரண்டு சென்டிமீட்டர்."

"அவ்வளவுதானா?" என்று சொல்லிவிட்டு, தன் சைக்கிளில் ஏறி முன்னால் போனாள்.