போனில் நீ ஒட்டிய பிளாஸ்திரி

இன்று சாயங்காலம் திருக்கனூரில் போனுக்குக் கண்ணாடி மாற்றப் போனேன். கை தவறி விழுந்ததில் மேலே ஒட்டியிருந்த கண்ணாடி முழுக்க விரிசல். கடைக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, போனுக்கு எங்க அடிபட்டுச்சு, பிளாஸ்திரி போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, உன்மேல்தான் வந்தது. செத்து எட்டு மாதம் ஆகியும் என்னை ஊர் சிரிக்க வைத்துக்கொண்டுதானே இருக்கிறாய்?

அந்தப் பிளாஸ்திரி போனின் உச்சியில் இருக்கிறது. மணியும் சார்ஜும் தெரிகிற இடம் அதுதான். எட்டு மாதமாக எனக்கு மணி தெரியாது, எத்தனை டவுன் பஸ்ஸை விட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துவிடும், வீட்டில் ஆளாளுக்குத் திட்டுவார்கள். கிழித்துப் போட எத்தனை நேரம் ஆகும்? ஆனால் கிழிக்கக் கூடாதே!

நமக்கு செஸ் எதற்கு என்று அப்போதே கேட்டேன். மாத்திரை கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே அட்டைப்பெட்டி மடிக்கிற நமக்கு ராஜாவும் ராணியும் எதற்கு? பள்ளிக்கூடத்தில் செஸ் கற்றுக்கொண்ட உன் மகள் பவித்ரா, வீட்டில் தன்னோடு ஆட ஆள் இல்லை என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நீ கம்பெனி பஸ்ஸில் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். நீ ஆடியதும் ஒரு ஆட்டமா? ராணியைக் கூசாமல் பறிகொடுத்துவிட்டு, "போனா போவுது, எனக்குக் குதிரதான்டி முக்கியம்" என்பாய். குதிரை மட்டும்தான் நேராகப் போகாதாம், அதனால் அதுதான் உன் சாதியாம்.

அப்போதுதான் அந்தப் போட்டி வந்தது. ஒரு கிராண்ட்மாஸ்டர், எதிரில் கம்ப்யூட்டர். சும்மா ஆடினால் மனிதன் தோற்றுவிடுவான் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் கம்ப்யூட்டர் ஒரு குதிரை இல்லாமல் ஆடும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் ஆட்டம், மொத்தம் ஆறு. யார் ஜெயிப்பார் என்று உலகமே கீழே கமெண்டில் அடித்துக்கொண்டது. செல்லிப்பட்டில் என் வீட்டுக் கூடத்தில், போனைக் குறுக்குவாட்டில் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு நாமும் அடித்துக்கொண்டோம்.

"அந்தப் புள்ளதான்டி ஜெயிப்பான். ஒரு குதிர கூட வச்சிருக்கான் இல்ல?"

"எத்தன குதிர இருந்தா இன்னாடி, அது கணக்குப் போடும்."

"போடட்டும். பயப்படுமா? பயப்படாம ஜெயிக்கறதெல்லாம் ஒரு ஜெயிப்பா?"

இதுதான் உன் நியாயம். உன் ஜோசியம் அதைவிட மோசம். அவன் காது சிவந்தால் தோற்பானாம், இரண்டு தடவை தண்ணீர் குடித்தால் டிராவாம். முதல் ஆட்டத்தில் தோற்றான். இரண்டாவதிலும் தோற்றான். "மூணாவதுல பாரு" என்று உன் ஊர் சுத்துக்கேணிக்கு ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போனாய். உனக்கு வெட்கமே கிடையாது.

மூன்றாவது ஞாயிறு நீ வந்தபோது முழங்கையின் உள்பக்கம் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "கையில இன்னாடி?" என்றேன்.

"ரத்தம் குடுத்தேன்."

நான் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். "உனக்கே ரத்தம் இல்லாம வெளுத்துப்போய்க் கெடக்கற, நீ ஊருக்கு தானம் பண்றியா? அறிவு இருக்குதா உனக்கு?" நீ சிரித்தாய். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நானும் அத்தோடு விட்டேன். ஆட்டம் தொடங்கிவிட்டது.

படத்தின் இடது ஓரத்தில் கருப்பும் வெள்ளையுமாக ஒரு கோடு நிற்குமே, யார் கை ஓங்கியிருக்கிறது என்று ஏறி இறங்கிக் காட்டுகிற கோடு, அதைப் பார்த்துக்கொண்டே இருப்பது என் வழக்கம். தொடக்கத்தில் வெள்ளை உயரத்தில் நிற்கும், அது அவன் பக்கம். ஒரு குதிரை அதிகம் அல்லவா? பிறகு நமக்குத் தெரியாமலே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அன்றும் இறங்கியது. "போச்சு, எறங்கிடுச்சு" என்று நான் கத்தினேன். நீ கையிலிருந்த பிளாஸ்திரியை வெடுக்கென்று பிய்த்தாய், பஞ்சை எறிந்தாய், என் போனில் அந்தக் கோட்டின் மேல் பச்சென்று ஒட்டினாய். போனை நிமிர்த்தினால் அதுதான் உச்சி. புதுப் போன், வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை!

"எடுடி அத்த!"

"மேட்ச் முடியற வரைக்கும் கை வச்ச, கைய ஒடச்சிருவேன். எறங்குது எறங்குதுன்னு நீ சொல்லிக்கினே இருந்தா, நான் எப்படி ஆட்டத்தப் பாக்கறது?"

அன்று டிரா. அவன் இரண்டு தடவை தண்ணீர் குடித்திருந்தான். உன்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. நாலாவதில் நான் பிளாஸ்திரியின் முனையை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். நீ போனைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாய். "உன் மூஞ்சிலயே எழுதியிருக்குது. தோத்துட்டான், அதான?" என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனாய். ஐந்தாவது ஞாயிறு நீ வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. இன்னும் கோபம் போல என்று நானும் வீம்பாக இருந்தேன். வீம்பு! என்னை எதால் அடித்தாலும் தகும்.

ஆறாவது ஞாயிறு காலையில் பவித்ரா பேசினாள். "சின்னம்மா, அம்மாவ ஆஸ்பத்திரில சேத்துருக்கு. உங்ககிட்ட எதுவுமே சொல்லலியா அவங்க?"

"ரத்தம் குடுத்தேன்னு சொன்னா."

"டெஸ்ட்டுக்குக் குடுத்தாங்க சின்னம்மா."

அடிப்பாவி. ஒரே வார்த்தை. தானத்துக்குக் கொடுத்தாலும் அதே வார்த்தை, டெஸ்ட்டுக்குக் கொடுத்தாலும் அதே வார்த்தை. நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தே விட்டுவிட்டாய்.

வார்டுக்கு வந்ததும் நான் நலம் விசாரிக்கவில்லை, சண்டைதான் போட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். "ஏன்டி சொல்லல? நான் இன்னா மூணாம் மனுஷியா?"

நீ மெதுவாகத்தான் பேசினாய். "சொல்லியிருந்தா நீ ஆட்டத்தப் பாத்திருப்பியா? என்னியே பாத்துக்கினு இருந்திருப்ப. எவ்ளோ எறங்கியிருக்குன்னு உன் மூஞ்சில பாத்துத்தான் நான் தெரிஞ்சிக்கணும். எனக்கு எதுக்குடி அது?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கடைசி ஆட்டம் மத்தியானம் தொடங்கியது. போனை உன் தலையணையில் சாய்த்தேன், பிளாஸ்திரியோடு. "சொல்லு, இன்னிக்கு யாரு?" என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு வேறு சொல்ல வாய் வரவில்லை. "அந்தப் புள்ளதான்" என்றேன்.

எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ உனக்கு! "நான் சாவப்போறேன்னு கட்சி மாறாதடி. ஒழுங்கா சொல்லு."

"கம்ப்யூட்டருதான். போதுமா? கம்ப்யூட்டருதான்!"

"ஆங், அது" என்று திருப்தியாகப் படுத்துக்கொண்டாய்.

பாதி ஆட்டத்தில் தூங்கிவிட்டாய். படத்தில் அவன் கை குதிரைக்கு மேலே போய் நின்றது, அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். பிளாஸ்திரியைத் தூக்கியும் பார்க்கவில்லை. நாடகமாட எனக்கு வராது, பார்த்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். பார்க்க வந்தவர்களை வெளியே போகச் சொன்ன நேரத்தில் நீ கண் விழித்து, "யாருடி ஜெயிச்சா?" என்றாய்.

"எனக்குத் தெரியாது. நீ எழுந்ததும் பாக்கலாம்னு நிறுத்தி வச்சிருக்கேன்."

நம்பாமல் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு சிரித்தாய். "நெசமாவே தெரியல உனக்கு. நாளைக்கு வா, சேந்து பாக்கலாம்."

மறுநாள் நான் வந்தேன். நீதான் இல்லை.

கடைக்காரர் பழைய கண்ணாடியை உரித்ததும் பிளாஸ்திரியும் அதோடு வந்துவிட்டது. மேலே மணி பளிச்சென்று தெரிந்தது, ஆறு இருபது. அவர் கசக்கி எறியப் போனதைப் பிடுங்கிக்கொண்டேன். பழையதில் பசை இல்லை. எதிரே மருந்துக்கடையில் புதிதாக ஒன்று வாங்கி, கடைக்காரர் கண்ணெதிரிலேயே புதுக் கண்ணாடிமேல் ஒட்டினேன். "இன்னாக்கா நீங்க!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மேட்ச் இன்னும் முடியலப்பா" என்றேன். அவருக்கு என்ன புரிந்திருக்கும்?

பழைய பிளாஸ்திரி பர்ஸில் இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் ஒரு பொம்பளையிடம் மணி கேட்டேன். அவள் என் கையிலிருந்த போனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஆறே முக்கால், பஸ் போய்விட்டது. எல்லாம் உன்னால்தான்.

கம்ப்யூட்டர்தான்டி ஜெயித்திருக்கும். நான் கட்சி மாறவில்லை. அவன் கை இன்னும் அந்தக் குதிரைமேல்தான் நிற்கிறது. இப்போது நீ எதிரே வந்து உட்கார்ந்து எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும், என் மூஞ்சியில் உனக்கு ஒன்றும் தெரியாது.