ஒன்றும் கேளாமல்

2023 மார்ச் 6, திங்கள்
இவருக்குப் பாரிசவாதம் வந்து இன்றோடு அறுபது நாள். காலுக்குக் கொஞ்சம் உணர்வு திரும்பியிருக்கிறது. வலக்கைக்கு இல்லை. பேச்சும் இல்லை. சாவகச்சேரி பஸ்ஸை இருபத்தாறு வருடம் ஓட்டியவர். பஸ் முழுவதையும் சிரிக்க வைத்துக்கொண்டுதான் அச்சுவேலிக்கு வந்து சேருவார். இப்போது ஏதாவது கேட்டால் “ம்” என்கிறார், அவ்வளவுதான்.
தபால் கந்தோரில் வேலை முடிந்ததும் நேரே முருகன் கோயிலுக்குப் போனேன். அவரைக் கதைக்க வை. வேறொன்றும் வேண்டாம்.

மார்ச் 29
கோயிலில் இன்றும் அதையே கேட்டேன்.

ஏப்ரல் 14
வருடப்பிறப்பு. நேர்த்தி வைத்தபடி கோயில் வீதியை அடியழித்துச் சுற்றினேன். விழுந்து விழுந்து எழும்பியதில் முழங்கால் உரிந்துவிட்டது. ஈரச் சேலையோடு வந்து அவர் முன்னால் நின்றேன்.
“இஞ்சாருங்கோ, என்ரை பேரைச் சொல்லுங்கோ. ஒருக்கால்.”
வாய் கோணியது. சத்தம் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. நான் வேலைக்குப் போகும் நேரங்களில் அவரைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு மகாதேவி அக்கா என் தோளைப் பிடித்து இழுத்தா.
“கௌரி, மனிசனைப் பரீட்சைக்கு விடாதை.”

ஜூன் 9, வெள்ளி
கோயிலுக்குப் போகேல்லை. இனிப் போறதுமில்லை. பிள்ளை கேட்டன், தரேல்லை. சரியெண்டு பொறுத்தன். இருந்தது இந்த ஒரு மனிசன்ரை சத்தம். அதையும் எடுத்திட்டாய். உனக்கு நான் என்ன செய்தனான்?

ஜூலை 2
எல்லோரும் அவர் எப்படி என்று கேட்கிறார்கள். நான் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டாலும் என்ன சொல்வேன்? வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். சட்டி பானைச் சத்தம் மட்டும் கேட்கிறது.

ஆகஸ்ட் 14
வழக்கமாக வேலையால் வந்ததும் படங்களைக் காட்டி, இது என்ன, அது என்ன என்று அவரைச் சொல்லவைக்கப் பார்ப்பேன். இன்றைக்குத் தெம்பில்லை. கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இடக்கையால் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார். அப்படியே அரை மணித்தியாலம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இத்தனை மாதமும் நான் இவரோடு இருக்கவேயில்லை. திருத்திக்கொண்டல்லவா இருந்திருக்கிறேன்!
முருகனோடும் இப்படித்தானோ? கந்தோரில் ஜன்னலால் படிவத் துண்டை நீட்டிவிட்டு நிற்கிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஐந்தாம் வகுப்புச் சோதனையிலிருந்து இந்த நாற்பத்தொன்பது வயதுவரை நானும் துண்டு நீட்டியபடியே நின்றேனோ?

ஆகஸ்ட் 20
கோயில். ஒரு தூணோடு கால் மணித்தியாலம் இருந்தேன். பழக்கதோஷம், வாய் கேட்கத் தொடங்கியது. அடக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

செப்டெம்பர் 3
இருந்தேன். நினைவெல்லாம் அடுப்பில் வைத்த பருப்பில்.

செப்டெம்பர் 27
இருந்தேன். அழுகை வந்தது. அதையும் அங்கேயே அழுதேன்.

நவம்பர் 11
மூன்று நாளாக மழை. வீதியெல்லாம் வெள்ளம், கோயிலுக்குப் போக வழியில்லை. பின்னேரம் அந்த நேரம் வந்ததும் மனம் அந்தரப்பட்டது. யாரோ என் வரவைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள் என்பதுபோல. வீட்டில் விளக்கைக் கொளுத்தி அதன் முன்னால் இருந்தேன்.
தனிமை போய்விட்டதா? இல்லை. ஆனால் அதற்குள் நான் மட்டும் இல்லை என்று படுகிறது.

2024 பெப்ரவரி 9, வெள்ளி
வருத்தம் வந்தபிறகு இன்றைக்குத்தான் ஓட்டோவில் ஏற்றி அவரை முதன்முறையாகக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். பொல்லை ஊன்றி, என் தோளைப் பிடித்து, வாசற்படி ஏற நெடுநேரம் பிடித்தது. அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு ஐயர் கேட்டார்.
“ஆற்றை பேருக்கு? பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லுங்கோ.”
அவரைப் பார்த்தேன். வேர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பேச்சு இன்னும் வரவில்லை. இனி வராது என்றுதான் டொக்டரும் சொல்லியிருக்கிறார். கேட்க ஒன்றும் இல்லாமல் இல்லை. அது முருகனுக்குத் தெரியும்.
“சுவாமியின்ரை பேருக்கே செய்யுங்கோ, ஐயா.”